சக்கரத்தின் அளவும் செல்லும் தூரமும்

வண்டியேறிப் பயணம் புறப்படும் மனிதன் எக்காலத்திலும் கேட்டுவந்த கேள்வி ஒன்றுண்டு. இடையில் நில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதே அது. மாட்டு வண்டிலின் காலத்தில் அதற்கு விடை மாட்டின் வலிமையில் இருந்தது. பெற்றோல் மோட்டார் வந்தபின் அக்கேள்வி பெரும்பாலும் மறக்கப்பட்டது. எண்ணெய் தீர்ந்தால் வழியிலுள்ள நிலையத்தில் சில நிமிடங்களில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற துணிவே அதற்குக் காரணம். மின்சாரக் கார் வந்ததும் அந்தப் பழைய கேள்வி மீண்டும் எழுந்துள்ளது. மாடு களைப்பது போலவே மின்கலமும் களைக்கிறது. மாட்டைப் போலவே அதுவும் களைப்பாற நேரம் கேட்கிறது. மாட்டின் களைப்பைக் குறைப்பதற்கு முன்னோர் நம்பியிருந்த பொருளும், மின்கலத்தின் களைப்பைக் குறைப்பதற்கு இன்றைய பொறியியலாளர் ஆராயும் பொருளும் ஒன்றே. அது சக்கரம்.

இந்த வரலாற்றை ஆராய்வதற்கு மட்டக்களப்புப் பகுதி மிகவும் பொருத்தமான நிலம். வங்காள விரிகுடாவுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்பரப்பில், நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது களுவாஞ்சிக்குடி. கிழக்கே கடல், மேற்கே வாவி. ஞாயிறு எழும் பக்கத்து நிலம் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் ஞாயிறு படும் பக்கத்து நிலம் படுவான்கரை. குடியிருப்புகளும் கடைத்தெருக்களும் எழுவான்கரையில் நெருங்கி அமைந்தன. பரந்த வயல்கள் படுவான்கரையில் கிடந்தன. எனவே விளைந்த நெல் ஒருபுறம் நீரையும் மறுபுறம் மணலையும் கடந்தே வீடு வந்து சேரவேண்டும். இன்று களுவாஞ்சிக்குடியைப் படுவான்கரையோடு இணைக்கும் பட்டிருப்புப் பாலமும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் 'பாதை' என்னும் மிதவையும் அத்தேவையின் விளைவுகளே. வடக்கே கல்லடியில் 1924இல் இரும்புப் பாலம் திறக்கப்படும் வரையில், இத்தென்பகுதி மக்கள் மட்டக்களப்பு நகருக்குச் செல்வதற்கும் நீரைக் கடந்தே போகவேண்டியிருந்தது.

மணல் நிலத்தில் வண்டில் ஓட்டியவர்கள் நூல் எதனையும் படியாமலே ஓர் உண்மையை அறிந்திருந்தனர். சக்கரம், அதாவது ஊர் வழக்கில் 'சில்லு', எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு மாட்டின் சுமை குறையும் என்பதே அவ்வுண்மை. மாட்டு வண்டிலின் சக்கரம் நாலடிக்கும் ஐந்தடிக்கும் இடைப்பட்ட குறுக்களவு கொண்டிருந்ததற்கு அழகு காரணமன்று. ஒரு சாண் அகலமுள்ள குழியில் சிறிய சக்கரம் முழுவதும் விழுந்துவிடும்; பெரிய சக்கரமோ குழியின் இரு விளிம்புகளையும் தொட்டுக்கொண்டு கடந்து போகும். மணலில் சக்கரம் புதையும்போது அதன் முன்னே சிறு மேடு ஒன்று உண்டாகிறது. வண்டில் நகரும் ஒவ்வோர் அடியிலும் மாடு அந்த மேட்டின்மேல் சக்கரத்தை ஏற்றவேண்டும். சக்கரம் உயர்ந்ததாயின் அந்த ஏற்றம் சாய்வாக அமையும். குட்டையாயின் செங்குத்தாக அமையும். ஆகவே ஒரே பாரத்தை ஒரே மாடு எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதைச் சக்கரத்தின் உயரமே பெரிதும் முடிவுசெய்தது.

அந்தச் சக்கரத்தை உருவாக்கிய தச்சனும் கொல்லனும் நுண்ணிய கணக்கறிந்தவர்கள். நடுவே குடம், குடத்திலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றை வளைத்துப் பிடிக்கும் வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டை என்பன அதன் உறுப்புகள். இரும்புப் பட்டையை வட்டையைவிடச் சற்றே சிறிதாகச் செய்து, நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்த நிலையில் மரச் சக்கரத்தின்மேல் பூட்டி, உடனே நீரூற்றிக் குளிர்விப்பார்கள். குளிர்ந்து சுருங்கும் இரும்பு மரத்தின் மூட்டுகள் அனைத்தையும் இறுகப் பிணித்துவிடும். தமிழர் வாழ்வில் வண்டியின் பழைமைக்குச் சங்க இலக்கியமே சான்று. உப்பு வாணிகராகிய உமணர் நெடுவழிக்குத் துணையாக வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிச் செல்லும் வழக்கத்தை ஔவையார் புறநானூற்றில் ஓர் உவமையாக எடுத்தாண்டுள்ளார். இன்றைய கார்களில் மாற்றுச் சக்கரம் வைத்திருப்பதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய முன்மாதிரி என அதனைக் கூறலாம்.

சக்கரத்தின் உயரம் ஒருபுறமிருக்க, அதன் அகலமும் அரசுகளின் கவனத்தை ஈர்த்தது. இங்கிலாந்தில் ஒடுங்கிய சக்கரங்கள் பாதைகளை உழுது பாழாக்குகின்றன என்பதனால், பாரவண்டிகளின் சக்கரம் ஒன்பது அங்குல அகலம் கொண்டிருக்கவேண்டும் என 1753இல் சட்டமொன்று இயற்றப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் இக்கேள்வி விஞ்ஞான விவாதமாக வளர்ந்தது. சக்கரத்தின் குறுக்களவை இரு மடங்காக்கினால் இழுவை பாதியாகும் என்றார் மொறேன் என்னும் இராணுவப் பொறியியலாளர். இல்லை, குறுக்களவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே இழுவை குறையும் என்றார் டுபுயி என்னும் பாதைப் பொறியியலாளர். அவர் கணக்கின்படி இரு மடங்கு சக்கரத்தால் இழுவை ஏறத்தாழ நூற்றுக்கு 71 ஆகும். எவர் சொன்ன அளவு சரியாயினும், பெரிய சக்கரம் எளிதாக ஓடும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. வண்டிற்காரனின் அனுபவத்தை அறிஞர் கணிதமாக எழுதினர்.

இந்த நிலையை மாற்றியது இறப்பர். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபேட் தொம்சன் காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அக்காலத்தில் அது நிலைபெறவில்லை. அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் 1887இல் தம் மகனின் முச்சக்கர மிதிவண்டிக்காக அதே கருத்தைத் தாமாகவே மீண்டும் கண்டறிந்தார். அவர் செய்த சோதனை எளியது. காற்றடைத்த குழாய் சுற்றிய மரத்தட்டு ஒன்றையும் மிதிவண்டியின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் முற்றத்தின் மறுகோடியை எட்டாமலே சாய்ந்தது. காற்றடைத்ததோ முற்றத்தைக் கடந்துபோய் வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பியது. ஒரே உந்துதலில் எது அதிக தூரம் போகும் என்பதே அங்கே சோதிக்கப்பட்டது. மின்சாரக் காரின் ரயர்களுக்கு இன்று ஆய்வுகூடங்களில் நடத்தப்படும் சோதனையின் வித்து அந்த முற்றத்தில் இருந்தது எனலாம்.

காற்றடைத்த ரயரின் வெற்றிக்குக் காரணம் என்ன? கல்லின்மேல் ஏறும் இரும்புச் சக்கரம் வண்டில் முழுவதையும் தூக்கவேண்டும். காற்று ரயரோ கல்லைத் தன்னுள்ளே வாங்கிக்கொள்கிறது, வண்டில் எழுவதில்லை. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலையுண்டு. நிலத்தைத் தொடும் இடத்தில் ரயர் நசுங்குகிறது. நிலத்தைவிட்டு எழும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்குவதற்குச் செலவான சக்தி முழுவதையும் இறப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக இழந்துவிடுகிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற வாகனத்தின் ரயரைத் தொட்டால் சுடுவது இதனால்தான். மரச் சக்கரத்தின் காலத்தில் சக்தி மணலை நசுக்குவதில் அழிந்தது. இறப்பர்ச் சக்கரத்தின் காலத்தில் அது சக்கரத்தையே நசுக்குவதில் அழிகிறது. இழப்பு நிகழும் இடம் நிலத்திலிருந்து ரயருக்கு மாறியது. இதனை மனத்திற் கொண்டால் பின்னர் வரும் எல்லாம் எளிதில் விளங்கும்.

அந்த இறப்பருக்கு ஆசியாவில் தாயகமாக அமைந்த நாடுகளுள் இலங்கை முதன்மையானது. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளில் முளைத்த சுமார் 1,900 நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. டன்லொப்பின் முற்றத்துச் சோதனைக்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்துவிட்டது. பிற்காலத்தில் 1952இல் இலங்கை தன் இறப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து அரிசியைப் பெறும் ஒப்பந்தம் செய்துகொண்டது. உலகச் சந்தையில் நெல்லும் இறப்பரும் நேருக்கு நேர் பரிமாறப்பட்ட அரிய நிகழ்ச்சி அது.

இறப்பர் ரயர் மட்டக்களப்புக் கரையோர மக்களின் வாழ்வில் முதலில் ஆழமாக இடம்பிடித்தது மிதிவண்டியின் வாயிலாகவே. 28 அங்குலச் சக்கரமும் மெல்லிய ரயரும் கொண்ட உயரமான மிதிவண்டி, மேடு பள்ளமற்ற இந்நிலத்துக்கென்றே செய்தது போன்றது. ஆசிரியர் பாடசாலைக்கும், உழவர் வயலுக்கும், மீனவர் சந்தைக்கும் அதில் சென்றனர். உயர்ந்த குறுக்களவு, ஒடுங்கிய அகலம், நன்கு இறுகிய காற்று என்ற மூன்றும் சேர்ந்து மனிதக் கால்களின் சிறு வலிமையைக் கொண்டே பல மைல்களைக் கடக்க வழிசெய்தன. ஒடுங்கிய ரயர் கடற்கரை மணலில் புதையும் என்பதும் உண்மையே. அங்கே மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். கெட்டியான பாதையில் ஒடுக்கம் நன்மை, மணலில் அகலம் நன்மை என்ற இரட்டை விதி இவ்வூர்ச் சிறுவர்களுக்கும் தெரிந்த பாடம்.

மின்சாரக் காரின் கதையும் இதே காலத்தில் தொடங்கியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மொறிஸ், சாலொம் என்ற இருவர் 1894இல் 'எலெக்ட்ரோபற்' என்னும் மின்வண்டியை ஓட்டிக் காட்டினர். ஈய மின்கலங்களின் பெரும்பாரத்தைத் தாங்குவதற்காக அதற்கு இரும்புச் சக்கரப் பட்டைகளே இடப்பட்டன. பின்னர் பாரத்தைக் குறைத்து, காற்றடைத்த ரயர்களைப் பூட்டிய புதிய வகைகளை அவர்கள் செய்தபோதுதான் ஒருமுறை மின்னேற்றிச் சுமார் 25 மைல் ஓடும் பயனுள்ள வண்டி பிறந்தது. 1899இல் பாரிஸ் அருகே கமில் ஜெனாற்சி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை முதன்முறையாகக் கடந்ததும் மின்சாரக் காரிலேயே. அதன் சக்கரங்களில் இருந்தவையும் காற்றடைத்த ரயர்களே. மின்கலத்தைப் பெரிதாக்குவது ஒரு வழி, சக்கரத்தைத் திருத்துவது மற்றொரு வழி என்பதை அந்த முன்னோடிகள் அன்றே உணர்ந்திருந்தனர். பின்னர் பெற்றோல் மலிந்தது; மின்சாரக் கார் சாலையிலிருந்து மறைந்தது; அதனோடு சக்கரத்தால் சக்தியைச் சிக்கனப்படுத்தும் எண்ணமும் ஓய்ந்தது.

ஓய்ந்த எண்ணத்தை மீண்டும் எழுப்பிய வளர்ச்சிகள் இரண்டு. ரயருக்குள் இருக்கும் இழைகளை மையத்திலிருந்து விரியும் ஆரங்களைப் போல அடுக்கும் முறையைப் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1946இல் பதிவுசெய்தது. ஆரவகை ரயர் எனப்படும் அது நசுங்கும்போது குறைந்த சக்தியையே இழந்தது. 1992இல் அதே நிறுவனம், ரயரின் இறப்பரில் கரித்தூளின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா என்னும் பொருளைக் கலந்து, உருளும் தடையை மேலும் குறைத்தது. 1996இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஈவீ-1' என்னும் மின்சாரக் கார் 14 அங்குல வளையத்தில் 175 மில்லிமீற்றர் அகலமே உள்ள தனிவகை ரயரில் ஓடியது. அதில் காற்றழுத்தமும் சாதாரணக் கார்களைவிட மிக அதிகமாக, 50 இறாத்தல் அளவில் வைக்கப்பட்டது. கூடிய தூரம் செல்லவேண்டும் என்ற ஒரே நோக்கம் அந்தச் சிறு சக்கரத்தில் வெளிப்பட்டது.

இலங்கையின் பாதைகளில் மின்சாரக் கார் கண்ணிற் படத்தொடங்கியது 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட நிசான் லீஃப் கார்கள் அப்போது பெருமளவில் இறக்குமதியாயின. 24 கிலோவாற் மணி மின்கலம் கொண்ட அக்காரின் 2014ஆம் ஆண்டு வகைக்கு அமெரிக்க அரசின் கணிப்பில் கிடைத்த தூரம் 84 மைல், அதாவது 135 கிலோமீற்றர். 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டு, பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களுக்கு மிதிவண்டியின் அருமையும் மின்சார வாகனத்தின் அருமையும் ஒருசேர விளங்கின. 2020இல் நிறுத்தப்பட்டிருந்த கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின் புதிய மின்சாரக் கார்கள் பலவும் வந்துசேர்ந்தன. அவற்றோடு ஒரு புதிய கவர்ச்சியும் வந்தது. அதுவே பெரிய அலோய் சில்லு.

இவ்விடத்தில் ஒரு சொல் மயக்கத்தை நீக்கவேண்டும். மாட்டு வண்டிலில் 'பெரிய சக்கரம்' என்றால் முழுச் சக்கரமும் உயர்ந்தது என்று பொருள். காரில் 'பெரிய சக்கரம்' என்றால் பெரும்பாலும் உள்ளேயுள்ள உலோக வளையம் மட்டுமே பெரியது. வெளிக் குறுக்களவு ஏறக்குறைய அப்படியே இருக்கும்; வளையம் வளர்ந்த அளவுக்கு ரயரின் பக்கச்சுவர் ஒடுங்கும். ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்களே இதற்குச் சான்று. லீஃப் காரின் ஒரு வகையில் 205/55 ஆர் 16 என்றிருக்கும். அகலம் 205 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. வளையம் 16 அங்குலம். மற்றொரு வகையில் 215/50 ஆர் 17 என்றிருக்கும். கணக்கிட்டால் முதலாவதன் வெளிக் குறுக்களவு 632 மில்லிமீற்றர். இரண்டாவதன் குறுக்களவு 647 மில்லிமீற்றர். வளையம் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீற்றர் வளர்ந்தும் முழுச் சக்கரம் 15 மில்லிமீற்றரே உயர்ந்தது. ஆனால் அகலமும் உலோகத்தின் பாரமும் கூடிவிட்டன. உயர்ந்த சக்கரம் தரும் நன்மை இதில் மிகச் சிறிது. அதற்காகச் செலுத்தும் விலையோ பெரிது.

அந்த விலை நான்கு வழிகளில் அறவிடப்படுகிறது. முதலாவது, பெரிய வளையத்துக்கெனச் செய்யப்படும் ரயர்கள் பெரும்பாலும் வேக ஓட்டத்துக்கு உகந்தவை. அவற்றின் இறப்பர் பாதையை இறுகப் பற்றுவது, ஆகவே சக்தியை அதிகம் விழுங்குவது. இரண்டாவது, அகன்ற ரயர் காற்றைக் கிழித்துச் செல்வதில் கூடுதல் தடைக்கு உள்ளாகிறது. மூன்றாவது, அகன்ற இடைவெளிகளுடன் சுழலும் அலங்கார ஆரங்கள் காற்றைக் கலக்குகின்றன. தூரத்தையே நோக்காகக் கொண்ட கார்களில் சக்கரத்தின் முகத்தைத் தட்டையான மூடியால் மறைப்பது இதனைத் தடுக்கவே. நான்காவது, பாரமான சக்கரத்தைச் சுழலத் தொடங்கச்செய்வதற்குக் கூடுதல் சக்தி வேண்டும். மின்சாரக் கார் வேகம் தணியும்போது அதில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்கிறது; முழுவதையும் மீட்பதில்லை.

இவை நுண்ணிய வேறுபாடுகளே என எண்ணுதல் தவறு. டெஸ்லா நிறுவனத்தின் 'மொடல் எஸ் பிளாட்' என்னும் காருக்கு 2021இல் அமெரிக்க அரசின் கணிப்பில், 19 அங்குலச் சக்கரத்துடன் 396 மைலும் 21 அங்குலச் சக்கரத்துடன் 348 மைலும் கிடைத்தன. ஒரே கார், ஒரே மின்கலம். சக்கரம் மட்டுமே வேறு. வேறுபாடு 48 மைல், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. பெற்றோல் காரிலும் இது பொருந்தும். அமெரிக்க மோட்டார் இதழொன்று 2010இல் ஒரே வொல்க்ஸ்வாகன் கோல்ஃப் காருக்கு 15 முதல் 19 அங்குலம் வரையான சக்கரங்களை மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டியபோது எரிபொருட் சிக்கனம் நூற்றுக்குப் பத்துப் பங்களவு குறைந்தது.

அப்படியாயின் சிறிய சக்கரமே எப்போதும் சிறந்ததா? அதுவுமன்று. 2013இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 'ஐ-3' என்னும் மின்சாரக் காரில் 19 அங்குல வளையத்தைப் பூட்டியது. ஆனால் ரயரின் அகலம் 155 மில்லிமீற்றரே. வெளிக் குறுக்களவு 700 மில்லிமீற்றர். ஈவீ-1 காரின் சக்கரமோ 583 மில்லிமீற்றர்தான். ஐ-3இன் உயர்ந்து ஒடுங்கிய சக்கரம் நிலத்தைத் தொடும்போது மெல்ல வளைகிறது. ஆகவே குறைவாகவே வெப்பமாகிறது. ஒடுங்கிய முகத்தால் காற்றின் தடையும் தணிகிறது. களுவாஞ்சிக்குடியின் பழைய மிதிவண்டியும் இதே இலக்கணத்தில் அமைந்ததே. எனவே வளையத்தின் அங்குல எண்ணை மட்டும் வைத்து நன்மை தீமை கூறமுடியாது. முழு உயரம், அகலம், இறப்பரின் வகை, பாரம் ஆகிய நான்கையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

இந்த வரலாறு மட்டக்களப்புக் கரைக்கு என்ன சொல்கிறது? 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று நல்ல ரயரில் உருளும்போது எதிர்க்கும் தடை ஏறத்தாழ 147 நியூற்றன். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் காற்றின் தடை சுமார் 75 நியூற்றன். 100 கிலோமீற்றர் வேகத்தில் அது நாலு மடங்காகி 300 ஆகும். பொருத்தமற்ற ரயரால் உருளும் தடை காற்பங்கு கூடியதெனக் கொண்டால், விரைவுப் பாதையில் மொத்தத் தடை பன்னிரண்டில் ஒரு பங்கே உயர்கிறது. ஊர்ப்பாதையின் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு உயர்கிறது. மேடும் இறக்கமும் இல்லாத, மெல்ல ஓடவேண்டிய, கடைத்தெருக்கள் தொடர்ந்து வரும் எழுவான்கரைப் பாதையில் காரின் சக்தியை உண்ணும் பெரும்பகை காற்றன்று, ரயரே.

ஓர் உதாரணம். பத்தாண்டு உழைத்து மின்கலம் தளர்ந்துபோன கார் ஒன்று இப்போது 80 கிலோமீற்றர் ஓடும் நிலையில் இருப்பதாகக் கொள்வோம். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போய் மீள ஏறத்தாழ 60 கிலோமீற்றர் வேண்டும். மிகுதியாக இருப்பது 20. அழகுக்காகப் பூட்டிய பெரிய சக்கரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கைப் பறித்தால் 80 என்பது 70 ஆகும். மிகுதி 10 ஆகும். மொத்தத் தூரத்தில் எட்டில் ஒரு பங்கே குறைந்தது. ஆனால் அவசரத்துக்கென வைத்திருந்த தூரம் பாதியாகிவிட்டது. இரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டிய வீட்டுக்கு அந்தப் பத்துக் கிலோமீற்றரின் மதிப்புத் தெரியும். மின்கலத்தை மாற்றுவதற்குப் பெரும்பணம் வேண்டும். தேய்ந்த ரயரை மாற்றும்போது பொருத்தமானதைத் தேர்வதற்கு அவ்வளவு செலவில்லை.

இதில் ஒரு மயக்கமும் உண்டு. வெளிக் குறுக்களவு கூடிய சக்கரத்தைப் பூட்டினால், ஒரு சுற்றில் கார் கூடுதல் தூரம் போகிறது. தூரமானியோ பழைய கணக்கையே எழுதுகிறது. 632 மில்லிமீற்றருக்குப் பதில் 647 மில்லிமீற்றர் சக்கரம் ஓடினால், உண்மையில் 100 கிலோமீற்றர் போனபின்னும் மானி ஏறத்தாழ 98ஐயே காட்டும். ஆகவே மானியை மட்டும் பார்த்து ஒப்பிடுபவர், இழப்பை உள்ளதைவிடப் பெரிதாக எண்ணக்கூடும். சரியாக ஒப்பிடவேண்டுமாயின் ஒரே பாதையை, ஒரே வேகத்தில், ஒரே சுமையுடன் ஓட்டிச் செலவான மின்சாரத்தைக் கணக்கிடவேண்டும்.

சக்கரத்தை மாற்றாமலே தூரத்தைக் கூட்டும் வழியும் உண்டு. அது காற்றழுத்தம். அமெரிக்கச் சக்தித் திணைக்களத்தின் கணிப்பின்படி, ரயர்களில் அழுத்தம் ஓர் இறாத்தல் குறையும்தோறும் எரிபொருட் சிக்கனம் நூற்றுக்கு 0.2 பங்கு குறைகிறது. பத்து இறாத்தல் குறைந்த ரயரில் ஓடுபவர் நூறு கிலோமீற்றருக்கு இரண்டு கிலோமீற்றரைப் பாதையில் சிந்திவிட்டுப் போகிறார். ஆயினும் சிக்கனத்தின் பெயரால் பாதுகாப்பை இழத்தல் கூடாது. மின்சாரக் கார் மின்கலத்தால் பாரமானது. அந்தப் பாரத்தைத் தாங்கும் தரமற்ற ஒடுங்கிய ரயரை அதில் பூட்டுவது ஆபத்து. தேய்ந்த ரயர் இலகுவாக உருளும் என்பது உண்மையாயினும், வடகீழ்ப் பருவமழையில் நீர் நிற்கும் பாதையில் அது வழுக்கும். பக்கச்சுவர் ஒடுங்கிய ரயரோ மழையால் உண்டான குழியில் விழும்போது அடியை வளையத்துக்கே கடத்திவிடும், வளையம் நெளியும். அளவிலும் பாரந்தாங்கும் தரத்திலும் காரைச் செய்தவர் குறித்துள்ள எல்லைக்குள் நின்று, உருளும் தடை குறைந்த வகையைத் தேர்வதே அறிவுடைமை. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு ரயரிலும் இத்தரத்தையும் ஈரப்பாதையில் நிற்கும் திறனையும் எழுத்துக் குறியால் காட்டும் சீட்டு ஒட்டப்படுகிறது. வாங்குபவர் அவ்விரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சக்கரம் மனிதனுக்கு உணர்த்திவருவது ஒன்றே. உருளுதல் இலவசமன்று, எங்கோ ஒன்று நசுங்குகிறது, அதற்கான கூலியை இழுப்பவர் கொடுக்கிறார். மணல் நசுங்கிய காலத்தில் அந்தக் கூலியை மாடு கொடுத்தது. இறப்பர் நசுங்கும் இக்காலத்தில் மின்கலம் கொடுக்கிறது. படுவான்கரையிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிவந்த முன்னோர், சக்கரத்தைத் தெரிவுசெய்யும்போது அது மாட்டுக்கு என்ன செய்யும் என்பதையே முதலில் எண்ணினர். இன்று ரயர்க் கடையில் நின்று சக்கரத்தைத் தெரிவுசெய்பவரும் அதே முறையில், இது காரை எவ்வளவு அழகாக்கும் என்பதற்கு முன்னால், இது மின்கலத்தை எவ்வளவு களைக்கச்செய்யும் என்று கேட்பாராயின், போன கார் வீடு திரும்பும்.